இரண்டாவது வேலையை வைத்து எடைபோடுங்கள்: ஐ.டி.ஐ., தொழிற்பழகுநர், குறுகியகாலப் பயிற்சி, இன்டர்ன்ஷிப் – எதில் சேரலாம்?

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போக வழியில்லாமலோ பட்டம் பெற்றும் வேலை அமையாமலோ நிற்கும் நகரத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: அரசு இத்தனை பயிற்சித் திட்டங்களை அறிவித்திருக்கிறதே, எதில் சேர்ந்தால் வேலை கிடைக்கும்? 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களிடையே வேலையின்மை 14.7 விழுக்காடு, கிராமங்களில் அது 8.5 விழுக்காடு. நகரத்து இளைஞருக்கு வேலை தேடுவதே ஒரு வேலையாகிவிட்ட இந்த நிலையில், தவறான பயிற்சியில் கழியும் ஓராண்டு அந்தக் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு.

தமிழ்நாட்டு நகரங்களில் வசிப்பவருக்கு இன்று நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன: அரசு தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ.; 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ்; மத்திய அரசின் பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் திட்டங்கள் போன்ற குறுகியகாலப் பயிற்சிகள்; 2024இல் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். தீனதயாள் உபாத்யாய பெயரிலான கிராமியத் திறன் திட்டத்தைப் பலர் விசாரிக்கிறார்கள். அது கிராமப்புற இளைஞர்களுக்கு மட்டுமே உரியது. நகரத்து ஏழைகளுக்கென்று இருந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது?

பயிற்சி மையங்கள் காட்டுவது ஓர் எண்ணை மட்டுமே: பயிற்சி முடித்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்பது. அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது போதாது. வேலையில் சேர்ந்தவர் மூன்றாம் மாதம் அங்கே இருந்தாரா, எதற்காக விட்டார், விட்ட பிறகு அடுத்த வேலையை எதைக் காட்டிப் பிடித்தார் என்பதை அந்த எண் சொல்வதில்லை. நகரங்களில் முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அது முடியத்தான் போகிறது. ஆகவே, இந்தப் பயிற்சி எனக்கு இரண்டாவது வேலையை வாங்கித் தருமா என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கருத்துக்கு ஆய்வுச் சான்று உண்டு. உகாண்டாவில் வேலையற்ற இளைஞர்களில் ஒரு பகுதியினரை ஆறு மாதத் தொழிற்பயிற்சி நிலையப் படிப்புக்கும், இன்னொரு பகுதியினரை நிறுவனங்களுக்குள்ளேயே நடக்கும் பயிற்சிக்கும் குலுக்கல் முறையில் அனுப்பி, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் நிறுவனத்துக்குள் பயின்றவர்களே வேகமாக வேலையில் அமர்ந்தார்கள். காலம் போகப்போக நிலையத்தில் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் அவர்களை எட்டிப் பிடித்து முந்தினார்கள். வேலை போனபோது, தன் திறமையை வேறொரு முதலாளியிடம் நிரூபிக்கச் சான்றிதழ் பெற்றவரிடம் ஒரு தாள் இருந்தது. மற்றவரிடம் பழைய முதலாளியின் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் இல்லை.

கொலம்பியாவின் ஏழு பெரிய நகரங்களில் 2005இல் ஏழை இளைஞர்களுக்கு மூன்று மாத வகுப்பும் மூன்று மாத நிறுவனப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தபோது, பெண்களின் வருமானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது; ஆண்களுக்கு அந்த அளவு பயன் தெரியவில்லை. அமெரிக்காவில் 1980களின் இறுதியில் தொடங்கிய ஒரு பெரிய மதிப்பீடு, அரசுப் பயிற்சியால் வயதுவந்தோர் ஓரளவு பயனடைந்ததையும், பள்ளியை விட்ட இளைஞர்களுக்குக் கிட்டத்தட்டப் பயனே இல்லாததையும் கண்டது. ஆக, ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. யாருக்கு, எந்த வயதில் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

இவற்றிலிருந்து நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, பயிற்சிக் காலத்தில் வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்பது. இழந்த கூலியும் இதில் அடங்கும். இரண்டாவது, சான்றிதழ் வேறு ஊரிலும் வேறு முதலாளியிடமும் செல்லுமா என்பது. மூன்றாவது, பயிற்சியின்போதே உண்மையான இயந்திரத்திலும் உண்மையான வேலையிலும் கை படுமா என்பது. நான்காவது, இந்த வழியில் போனால் பிற்பாடு எந்தக் கதவு அடைபடும் என்பது. இந்த நான்காவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

## அரசு ஐ.டி.ஐ.

1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி வந்தவை இந்த நிலையங்கள். சென்னையில் கிண்டி, அம்பத்தூர், வடசென்னை என்று பல இடங்களில் இருக்கின்றன. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். ஆண்கள் நாற்பது வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. படிப்பு ஓராண்டோ ஈராண்டோ நடக்கும். கட்டணம் இல்லை, பாடநூல், சீருடை, பேருந்து அட்டை ஆகியவற்றோடு மாதம் ₹750 உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ₹1,000 கூடுதலாகக் கிடைக்கிறது.

மறைந்திருக்கும் செலவை இங்கே நேர்மையாகக் கணக்கிட வேண்டும். மாதம் ₹12,000 தரும் உதவியாளர் வேலையை விட்டுவிட்டு ஒருவர் ஈராண்டுப் படிப்பில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். அவர் இழக்கும் கூலி ₹2,88,000. இரண்டு உதவித்தொகைகளும் முழுமையாகக் கிடைத்தாலும் ₹42,000தான் ஈடாகும்; மீதி ₹2,46,000 குடும்பத்தின் தோளில் விழுகிறது. படித்து முடித்தபின் உதவியாளரைவிட மாதம் ₹4,000 கூடுதலாகச் சம்பாதித்தால், அந்த இழப்பை மீட்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பதினேழு வயதில் இது துணிந்து செய்ய வேண்டிய செலவு. அந்த வயதில் ₹12,000 வேலையும் எளிதில் அமைவதில்லை என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவே. இருபத்தெட்டு வயதில், இரண்டு குழந்தைகளோடும் வாடகை வீட்டோடும் இருப்பவருக்கு இதே கணக்கு வேறு விடையைத் தரும்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது நாடு முழுவதும் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கும், மின்வாரியத்தின் களப் பணிகளுக்கும் அந்தந்தத் தொழிற்பிரிவில் ஐ.டி.ஐ. தேர்ச்சியைக் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான தகுதியும் பெறலாம். எந்தக் கதவையும் அடைக்காமல் புதிய கதவுகளைத் திறந்துவிடும் வழி, நான்கில் இது ஒன்றுதான்.

குறைகளும் உண்டு. பழைய இயந்திரங்களிலேயே பயிற்றுவிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக இருந்தது. அதைப் போக்கத்தான் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு நிலையங்களைச் சுமார் ₹2,877 கோடியில் தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு எடுத்தது. ரோபோட்டிக்ஸ், கணினிவழி இயங்கும் நவீன சி.என்.சி. இயந்திரம், மின்வாகன மெக்கானிக் என்று புதிய பிரிவுகள் வந்துள்ளன. நல்ல முயற்சி இது. ஆனால் அரசுப் பணி நோக்கம் உள்ளவர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: ரயில்வே, மின்வாரிய அறிவிப்புகளில் தகுதியுள்ள தொழிற்பிரிவுகளின் பெயர்கள் பட்டியலாகவே தரப்படும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் போன்ற பழைய பெயர்கள் அந்தப் பட்டியல்களில் வெகுகாலமாக இடம் பெற்றிருக்கின்றன. புதிய பிரிவில் சேரும் முன் அதன் பெயர் கடைசி அறிவிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தனியார் தொழிற்சாலைதான் நோக்கம் என்றால் புதிய பிரிவைத் தயங்காமல் எடுக்கலாம்.

## தொழிற்பழகுநர் பயிற்சி

சம்பாதித்துக்கொண்டே கற்பது இதன் கவர்ச்சி. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை, கல்வித்தகுதியைப் பொறுத்து மாதம் ₹5,000 முதல் ₹9,000 வரை. இதை 36 விழுக்காடு உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. முந்தைய கணக்கையே இங்கும் போட்டால், பத்தாம் வகுப்பு முடித்தவர் ₹6,000 வீதம் 24 மாதத்தில் ₹1,44,000 பெறுவார். இழப்பு சரிபாதியாகக் குறைகிறது.

இனி மறைந்திருப்பவற்றுக்கு வருவோம். சட்டத்தின் பார்வையில் தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். வருங்கால வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பொதுவாக அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுப்பதா என்பதை நிறுவனத்தின் சொந்தக் கொள்கைக்கே சட்டம் விட்டுவிட்டது. பணியிடத்தில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமை உண்டு. அதிகாரியின் அனுமதியின்றிக் கூடுதல் நேர வேலை வாங்கக் கூடாது. இவ்விரண்டு உரிமைகளையும் அறியாத பிள்ளைகள்தான் ஏராளம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பயிற்சியாளர் என்ற பெயரில் ஓராண்டு முழுவதும் ஒரே திருகை முடுக்கிக்கொண்டிருந்த இளைஞர்களைச் சந்தித்தால், கற்றது என்ன என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல முடிவதில்லை. அரசின் பணமும் இளைஞரின் ஓராண்டும் சேர்ந்து மலிவான உழைப்பாக மாறிப்போவதை மதிப்பீட்டு அறிக்கைகள் எதுவும் வேலைவாய்ப்பு என்று எண்ணக் கூடாது.

ஒப்பந்தம் எந்த வகையில் பதிவாகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்த வழியின் மதிப்பு அமைகிறது. ‘வரையறுக்கப்பட்ட தொழிற்பிரிவு’ என்றால் மத்திய அரசு பாடத்திட்டம் வகுத்த பிரிவு. முடிவில் தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறலாம். ‘விருப்பத் தொழிற்பிரிவு’ என்றால் பாடத்திட்டத்தை வகுப்பதில் நிறுவனத்துக்கு அதிக இடம் உண்டு. வேறு நிறுவனத்தின் வாயிலில் அதன் எடை குறையலாம். பெரம்பூரிலுள்ள ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் முதல் வகையில்தான் எடுக்கிறது. ரயில்வே பணிமனைகளில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு, ரயில்வேயின் லெவல்-1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. சென்னையைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவருக்கு இதைவிட நல்ல ஒற்றை வாய்ப்பை என்னால் காட்ட முடியவில்லை. போட்டி கடுமையாக இருப்பதில் வியப்பில்லை.

பட்டம், டிப்ளமோ பெற்றவர்களுக்கான பழகுநர் பயிற்சியைத் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்கூட இதன் வழியே ஆள் எடுக்கின்றன. படிப்பை முடித்துச் சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டு வேலை அனுபவம் பெற்றுவிட்டால் தகுதி போய்விடும். ஏதோ ஒரு கடையில் பதினான்கு மாதம் கணக்கெழுதிவிட்டு வருபவருக்கு இந்தக் கதவு அடைபட்டிருக்கும்.

## குறுகியகாலப் பயிற்சிகள்

2015 ஜூலையில் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா நான்காம் கட்டம் வரை வந்திருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நான் முதல்வன் திட்டத்தை 2022 மார்ச்சிலும், 18 முதல் 35 வயதினருக்கான வெற்றி நிச்சயம் திட்டத்தை 2025 ஜூலையிலும் தொடங்கியது. சில நூறு மணி நேரம் நடக்கும் இலவசப் பயிற்சி, இறுதியில் மதிப்பீடு, சான்றிதழ் என்பதே இவற்றின் பொது வடிவம்.

காலம் குறைவு என்பதால் இழப்பும் குறைவு; அதனாலேயே பலன் உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. மத்தியத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களில் குறுகியகாலப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வேலை அமைந்ததாக அரசின் சொந்தப் புள்ளிவிவரமே காட்டியது. நான்காம் கட்டத்தில், பயிற்சி பெற்றவர் தமக்குரிய பாதையைத் தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்லி, வேலை கிடைத்ததா என்று பின்தொடர்வதையும் தளர்த்திவிட்டார்கள். இது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. நோய் குணமானதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கொடுத்த மருந்துச் சீட்டுகளை மட்டும் எண்ணும் மருத்துவமனையை யாரும் ஏற்கமாட்டார்கள். இலக்கு எண்ணிக்கை பெருகும்போது தரம் தேய்கிறது என்று மத்திய அரசு அமைத்த சாரதா பிரசாத் குழு 2016லேயே எச்சரித்திருந்தது.

மூன்று சூழல்களில் இதுவே சிறந்த தேர்வு. ஒன்று, தொழில் ஏற்கெனவே கைவசம் இருந்து தாள் மட்டும் இல்லாதவர். பத்தாண்டு பிளம்பர் வேலை பார்த்தவருக்கு, முன்திறன் அங்கீகாரம் என்ற பிரிவில் சில நாள்களிலேயே சான்றிதழ் கிடைக்கும். இரண்டு, பயிற்சி தொடங்கும் முன்பே நிறுவனத்தின் பெயரும் சம்பளமும் வேலை நடக்கும் இடமும் எழுத்தில் தரப்படும் வகுப்பு. மூன்று, குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டு, முப்பதைக் கடந்து மீண்டும் வரும் பெண்கள். கொலம்பிய அனுபவம் பெண்களுக்குச் சாதகமாக இருந்ததை இங்கே நினைவுகூரலாம். ஆனால் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் வசிக்கும் பெண்களுக்கு, பயிற்சி மையம் பக்கத்தில் இருந்து வேலை நகரின் மறுகோடியில் இருந்தால் எல்லாம் வீணாகும். மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம். பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்தை யாராலும் இலவசமாக்க முடியாது. மையத்துக்கு இருக்கும் தூரத்தைவிட வேலைக்கு இருக்கும் தூரத்தையே முதலில் கேளுங்கள்.

சேரும் முன் மையத்துக்குப் போய், முந்தைய வகுப்பில் முடித்த மூன்று பேரிடம் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மையம் உடனே தொடர்புபடுத்தும். சாக்குச் சொன்னால் அதுவே விடை.

## பிரதமர் இன்டர்ன்ஷிப்

2024இல் வந்த விதிகளின்படி, 21 முதல் 24 வயதினருக்கு, நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் ஓராண்டு. மாதம் ₹5,000, தொடக்கத்தில் ஒருமுறை ₹6,000. பெரிய நிறுவனத்தின் பெயர் தற்குறிப்பில் ஏறும். வெளியூரில் இடம் கிடைத்தால் இந்தப் பணத்தில் அறை வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகாது. சோதனைக் கட்டத்தின் முதல் சுற்றில் 82,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் போயும் பத்தாயிரம் பேர்கூடச் சேராததற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். தொழிற்பழகுநர் பயிற்சி முடித்தவர் இதில் சேர முடியாது. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இடம் அமைந்த பட்டதாரிக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஐ.டி.ஐ. | தொழிற்பழகுநர் | குறுகியகாலப் பயிற்சி | இன்டர்ன்ஷிப் |
|---|---|---|---|---|
| காலம் | 1–2 ஆண்டு | 6 மாதம்–3 ஆண்டு | சில மாதங்கள் | 12 மாதம் |
| மாத வரவு | ₹750. தகுதியிருந்தால் மேலும் ₹1,000 | ₹5,000–₹9,000 (2019 விதி, குறைந்தபட்சம்) | பெரும்பாலும் இல்லை. சில திட்டங்களில் ஊக்கத்தொகை | ₹5,000 |
| சான்றிதழின் வீச்சு | நாடு முழுவதும் | வரையறுக்கப்பட்ட பிரிவில் வலுவானது. விருப்பப் பிரிவில் குறைவு | துறையையும் முதலாளியையும் பொறுத்தது | அனுபவச் சான்று மட்டும் |
| உண்மையான வேலைச் சூழல் | ஓரளவு | முழுமையாக | மையத்துக்கு மையம் மாறும் | உண்டு |
| அடைபடும் கதவு | இல்லை | இன்டர்ன்ஷிப் | பெரிதாக இல்லை | பட்டதாரிப் பழகுநருக்கான காலவரம்பு கழியும் |

## யாருக்கு எது?

இருபது வயதுக்குள் இருந்து, குடும்பம் ஈராண்டு தாங்கும் என்றால், ஐ.டி.ஐ. முடித்து அதன்பின் வரையறுக்கப்பட்ட பிரிவில் ஓராண்டு பழகுநர் பயிற்சி என்ற வரிசையே என் முதல் பரிந்துரை. முதலாளியின் கண்காணிப்பில் பெற்ற கைப்பழக்கமும், எங்கும் செல்லும் சான்றிதழும் ஒருசேரக் கிடைப்பது இந்த வரிசையில் மட்டுமே, ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பழகுநர் காலமும் குறைகிறது. வீட்டில் மாதம் ஆறாயிரமாவது வந்தாக வேண்டும் என்ற நிலையில், நேரடியாக வரையறுக்கப்பட்ட பிரிவுப் பழகுநராகச் சேர முயலுங்கள். அது அமையாமல் விருப்பப் பிரிவே கிடைத்தால், வேலைகளை மாற்றி மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பட்டம் பெற்றவர், தகுதிக்காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரமணி வாரியத்தின் வழி விண்ணப்பித்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம். முப்பதைக் கடந்தவருக்கும் ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கும் குறுகியகாலப் பயிற்சியோ முன்திறன் அங்கீகாரமோ போதும். அவர்களை ஈராண்டு வகுப்பில் உட்காரச் சொல்வது நியாயமாகாது.

பழகுநராகச் சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு வேலையைச் செய்துவிட வேண்டும். அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் தம் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, தொழிற்பிரிவின் பெயர், காலம், உதவித்தொகை மூன்றும் நேர்காணலில் சொன்னபடியே இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு படியை அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு இல்லையென்றால், கையில் இருப்பது எந்த அடையாள அட்டையாக இருந்தாலும், அந்த ஓராண்டின் முடிவில் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் முறையிட வேண்டிய நேரம் அப்போதே. ஆண்டு முடிந்தபின் போனால் சரிசெய்ய எதுவும் மிஞ்சியிருக்காது.